வலிக்குதா, உடம்பு கேக்குதா: மாத்திரைப் பிடியில் இருப்பவருக்கு எந்த போன் துணை நல்லது?

சேலம் அம்மாபேட்டையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்ற, சார்ஜிங் பின் சரி பண்ண, மெமரி ஃபுல் என்று வருகிறவர்கள்தான் அதிகம். கொஞ்ச காலமாக இன்னொரு கேள்வியும் வருகிறது: "தியான ஆப் ஏதாச்சும் நல்லதா போட்டுக் குடுங்க தம்பி." தறி ஓட்டி இடுப்பு போனவர், கொலுசுப் பட்டறையில் குனிந்தே கழுத்து பிடித்துக்கொண்டவர் என்று பலவிதமாக வருவார்கள். பாதிப் பேர் தூக்கம் வரவில்லை என்பார்கள். ஓரிருவர் மட்டும், கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, வலி மாத்திரையை விட முடியவில்லை என்பார்கள்.

என் தாய்மாமாவும் அந்த ஓரிருவரில் சேர்த்தி. சங்ககிரியில் லாரி ஓட்டியவர். ஒரு விபத்தில் தொடையில் கம்பி வைத்தார்கள், முதுகிலும் டிஸ்க் நகர்ந்துவிட்டது. பத்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்த டிராமடால் என்ற அபின் வகை வலி மாத்திரை மூன்று வருடம் ஓடியது. 2018-ல் அரசு டிராமடாலைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது என்பதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்த சங்கதி. பழகிய உடம்பு வழி கண்டுபிடித்துக்கொள்ளும். இப்போது ஒரு மனநல மருத்துவர் கணக்குப் போட்டு அளவைக் குறைத்து வருகிறார். போன தடவை அவர், "மூச்சைக் கவனிக்கிற பயிற்சி பண்ணுங்க, போன்லயே நிறைய இருக்கு" என்று சொல்லி அனுப்பினார். எதை என்று சொல்லவில்லை. அந்த 'எதை' என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதியிருக்கிற எதுவும் மருந்துக்கு மாற்று கிடையாது. அபின் வகை வலி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும், வயிறு போகும், கை கால் உளைந்து தூக்கம் வராது. டிராமடால் அளவு மீறினால் வலிப்பே வரலாம். இன்னும் பெரிய ஆபத்து, சில வாரம் விட்டுவிட்டுப் பழைய அளவையே மறுபடி விழுங்குவது. அதற்குள் உடம்பின் தாங்கும் திறன் இறங்கியிருக்கும், மூச்சு நின்றுவிடலாம். எழுப்பினால் எழவில்லை, மூச்சு இழுத்து இழுத்து வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் அங்கே எந்த ஆப்பும் உதவாது. உடனே 108.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். ஆப் ஸ்டோரில் நட்சத்திரம் எத்தனை என்று நான் பார்க்கவில்லை. என் அளவுகோல் இதுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு வலி எழுப்பிவிட்டு, கை தலைமாட்டில் மாத்திரை அட்டையைத் தேடும்போது, போனில் எது கைகொடுக்கும்?

இது நானாகப் பிடித்த அளவுகோல் என்று பெருமையடிக்க மாட்டேன். அமெரிக்காவில் எரிக் கார்லண்ட் என்ற ஆய்வாளர், நாள்பட்ட வலியும் மாத்திரைப் பழக்கமும் சேர்ந்தே இருப்பவர்களுக்காக 'மோர்' என்ற பயிற்சித் திட்டத்தை உருவாக்கினார். (நம் ஊர் மோர் இல்லை, ஆங்கில எழுத்துச் சுருக்கம். மாமாவுக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது.) அதில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. மாத்திரையைப் போடுவதற்கு முன் மூன்று நிமிடம் மூச்சைக் கவனி. பிறகு உன்னையே கேள்: இது வலியா, இல்லை மாத்திரைமேல் வந்த இழுப்பா? மாத்திரையைப் போடாதே என்று அது சொல்வதில்லை. போடுவதற்கு முன் ஒரு நிறுத்தம், அவ்வளவே.

இதைத் தமிழில் சொல்லத் தனியாக வார்த்தை தேட வேண்டியதில்லை. "வலிக்குது" என்பது ஒன்று, "உடம்பு கேக்குது" என்பது வேறு. குடிக்கிறவர், பீடி பிடிக்கிறவர் எல்லாரும் சொல்வதுதானே. சிக்கல் என்னவென்றால், மாத்திரைப் பழக்கத்தில் இந்த இரண்டும் ஒரே வேஷத்தில் வரும். முந்தைய மாத்திரையின் வேகம் இறங்கும்போது உடம்பே வலியாகத்தான் கேட்கும். போதாததற்கு, இந்த வகை மருந்தை நீண்ட நாள் எடுத்தால் வலியை உணரும் நரம்பே கூடுதலாகக் கூர்மையாகிவிடுவதும் உண்டு. வலிக்காக விழுங்கியதே வலியை வளர்க்கும். அதனால்தான் அந்த மூன்று நிமிடத்துக்கு அவ்வளவு மதிப்பு.

இனி ஆதாரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். தேர்வே இதில்தான் தீர்மானமாகிறது.

'மோர்' பயிற்சியை வைத்து 2022-ல் வெளிவந்த ஆய்வில் 250 பேர். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், எட்டு வாரம், குழுவாக உட்கார்ந்து பயிற்சி. வீட்டில் தினம் 15 நிமிடம். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவதை நிறுத்தியவர்கள் பயிற்சிக் குழுவில் 45 சதவீதம். பயிற்சி இல்லாமல் வெறுமனே கூடிப் பேசி ஆறுதல் பெற்ற குழுவில் 24.4 சதவீதம். எல்லாரும் அந்த 45-ஐத்தான் சொல்வார்கள். எனக்கு 24.4-உம் கண்ணில் பட்டது. சும்மா கூடி உட்கார்ந்து பேசியதற்கே ஏறக்குறைய நாலில் ஒருவர் தேறியிருக்கிறார். அதே மாதிரி, நல்ல பயிற்சியிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தேறவில்லை என்பதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மாமாவிடம் இரண்டையும் சொல்லி வைத்தேன்.

போனுக்கு நெருக்கமான ஆய்வு 2023 கடைசியில் வந்தது. அபின் வகைப் பழக்கத்துக்குக் கொடுக்கும் மாற்று மருந்தான மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும், வலியும் உள்ள 154 பேர். இவர்களில் ஒரு பகுதியினருக்கு அதே பயிற்சியை நேரில் இல்லாமல் வீடியோ அழைப்பிலும் போனிலும் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, பயிற்சி பெற்றவர்கள் போதைக்குத் திரும்பும் வாய்ப்பு 42 சதவீதம் குறைவாகவும், சிகிச்சையைப் பாதியில் விடும் வாய்ப்பு 59 சதவீதம் குறைவாகவும் இருந்தது. தியான ஆப் விற்பவர்கள் இந்த மாதிரி எண்களைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அந்தப் போனின் மறுமுனையில் இருந்தது பதிவு செய்த குரல் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற, போன வாரம் என்ன ஆச்சு என்று கேட்கிற ஆள்.

ஆகவே என் வரிசையில் முதல் இடம் ஆப்புக்குக் கிடையாது. வாரம் ஒருமுறை போனில் பேசும் ஒரு பயிற்சி பெற்ற ஆளுக்கு. சேலத்தில் இதற்காக விளம்பரப் பலகை எதுவும் இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். வைத்தியம் பார்க்கிற இடத்திலேயே, "வாரத்துக்கு ஒரு இருபது நிமிஷம் உளவியலாளர் யாராச்சும் போன்ல பேசுவாங்களா" என்று கேளுங்கள். நாங்கள் முதலில் கேட்ட இடத்தில் ஒரு ஆப் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் கிடைத்தது. வியாழக்கிழமை சாயங்காலம், இருபது நிமிடம். மாமா வீடியோவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "மூஞ்சியக் காட்டிட்டு இதையெல்லாம் பேச முடியாது மாப்ள." வெறும் குரல் அழைப்பு போதும் என்று அந்த உளவியலாளரும் சொல்லிவிட்டார். பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் இது ஒத்துவரும். போதையிலிருந்து மீள்பவர்கள் கூடும் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் போன்ற குழுக்களும் இணையவழிக் கூட்டம் நடத்துகின்றன. அது மூச்சுப் பயிற்சி இல்லை, ஆனாலும் அந்த 24.4-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வியாழக்கிழமை ஆள் ராத்திரி இரண்டு மணிக்கு வரமாட்டார். அங்கேதான் மற்றவை நுழைகின்றன.

காசு கட்டும் ஆங்கில ஆப்கள். ஹெட்ஸ்பேஸ் 2010-லும் காம் 2012-லும் வந்தவை. குரல், ஒலிப்பதிவு, வடிவமைப்பு எல்லாம் அருமை. கடையில் இயர்போனில் கேட்டபோது எனக்கே கொட்டாவி வந்தது, தியானத்துக்கு அதுவும் ஒரு சான்றிதழ்தான். ஆங்கிலம் சரளமாக வருகிற, கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு இவை போதும். மாமாவின் ஆங்கிலம் டோல், ஓவர்லோடு, எஃப்.சி. என்கிற அளவோடு சரி. இன்னொன்று: 'ஏழு நாள் இலவசம்' என்று ஏதோ ஒரு ஆப்பில் சேர்ந்த என் வாடிக்கையாளர் ஒருவருக்கு, எட்டாம் நாள் யுபிஐ ஆட்டோபேயில் வருடச் சந்தா மொத்தமாகப் போய்விட்டது. நிதானம் கற்றுக்கொள்ளப் போனவர் என் கடை வாசலில் நின்று கத்தினார். எதில் சேர்ந்தாலும் அன்றைக்கே ஆட்டோபேயை ரத்து செய்துவிடுங்கள்.

காசில்லாதவை நிறைய. இன்சைட் டைமர் ஆப்பில் இலவசப் பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. பிளம் வில்லேஜ் ஆப் முழுக்க இலவசம். ஈஷா 2025-ல் வெளியிட்ட மிராக்கிள் ஆஃப் மைண்டில் தமிழே இருக்கிறது, ஏழு நிமிட தியானம். பொதுவான மன அமைதிக்கு இவை எதையும் குறை சொல்ல மாட்டேன். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவரை மனதில் வைத்துச் செய்தவை இல்லை என்பதுதான் விஷயம். யூடியூபை மட்டும் இந்தக் காரியத்துக்கு வேண்டாம் என்பேன். "மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்" என்ற குரலுக்கு நடுவே நகைக்கடை விளம்பரம் ராத்திரி இரண்டு மணிக்கு அலறியதில், மாமாவோடு சேர்ந்து அத்தையும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். போதை, மறுவாழ்வு என்று இரண்டு தடவை தேடிப் பாருங்கள், ஒரே வாரத்தில் குணமாக்கும் லேகியம் விற்பவர்கள் திரை முழுக்க வந்துவிடுவார்கள்.

அபின் வகைப் பழக்கத்துக்கென்றே செய்த ஆப் இல்லையா? ஒன்று வந்தது. ரீசெட்-ஓ என்று பெயர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் அனுமதித்தது. டாக்டர் சீட்டு எழுதினால்தான் கிடைக்கும், பியூப்ரினார்ஃபின் என்ற மாற்று மருந்தோடு சேர்த்து 12 வாரம். அதுவும் மூச்சைக் கவனிக்கிற மாதிரியான கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) இல்லை, எண்ணப்போக்கை மாற்றும் வேறு வகைப் பயிற்சி. அதை நடத்திய நிறுவனம் 2023-ல் திவாலானது. பாடம் முடிவதற்குள் வாத்தியார் காணாமல் போகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். சாட்பாட் ஒன்றையும் சோதித்தேன். "வலி உசுரு போகுது" என்று தட்டினேன். அது பதறிப்போய்த் தற்கொலைத் தடுப்பு எண்களை வரிசையாகக் கொடுத்தது. அதன்மேல் தப்பில்லை. நாம் தலைவலிக்கே உசுரு போகுது என்கிறவர்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நாங்கள் தடுக்கி விழுந்தது மொழியில்தான்.

வலியோடு இருப்பவருக்குச் சொல்லித்தரும் கவனப் பயிற்சியில் முக்கியமான வேலை, 'வலி' என்ற ஒற்றைச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது. சூடா, இறுக்கமா, எங்கே ஆரம்பிக்கிறது, ஓரம் எங்கே, நடுவில் வலியே இல்லாத இடம் உண்டா என்று உற்றுப் பார்க்கப் பார்க்க, ஒரே பாறையாகத் தெரிந்தது பல துண்டாகத் தெரியும். அதில் சில துண்டுகள் தாங்கக்கூடியவை. நான் கேட்ட தமிழ்ப் பதிவுகள் பலவும் ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்தவை போலிருந்தன: "உங்கள் உடலில் எழும் உணர்வுகளைக் கவனியுங்கள்." மாமா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "உணர்வுன்னா? கோவமா, வருத்தமா?" நியாயமான கேள்வி. தமிழில் அந்தச் சொல் இரண்டு பக்கமும் பாயும்.

நம்மிடம் வலிக்கு வார்த்தைப் பஞ்சமா? குத்துது, குடையுது, கடுக்குது, இழுக்குது, எரியுது, உளையுது, சுருக்குங்குது, விண்ணு விண்ணுனு தெறிக்குது, மரத்துப்போச்சு. ஒவ்வொன்றும் வேறு வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவை உட்காரவைத்து, எந்த இடத்தில் எது என்று கேட்டுக்கொண்டே போனேன். இடுப்பில் "ஒரு பக்க டயர்ல காத்து எறங்குன மாதிரி இழுக்குது". தொடையில் கம்பி இருக்கிற இடம் "மழை வர்றதுக்கு முன்னாடி குடையும்". பாதத்தில் மரமரப்பு. அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது எதுலயும் சேராத ஒண்ணு இருக்கு மாப்ள. நெஞ்சுக்குழில. அது வலியில்ல. நமநமன்னு இருக்கும். அதுதான் மாத்திரையக் கேக்குது." மூன்று வருடத்தில் அவர் அதைத் தனியாகப் பிரித்துச் சொன்னது அன்றைக்குத்தான்.

அந்தப் பேச்சிலிருந்தே ஒரு பதிவு செய்தோம். என்ன சொல்லலாம், என்ன கூடாது என்று வியாழக்கிழமை உளவியலாளரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். என் குரல், மூன்றரை நிமிடம். நிமிர்ந்து உட்காருங்கள், சம்மணம் போடுங்கள் என்ற அதிகாரமெல்லாம் இல்லை, தொடையில் கம்பி வைத்தவரால் அது ஆகாது. "எப்படிப் படுத்திருக்கீங்களோ அப்படியே இருங்க மாமா" என்றுதான் ஆரம்பம். கண்ணை மூடச் சொல்லவும் இல்லை. மூடினால் அவருக்கு விபத்தன்று எதிரே வந்த டிப்பரின் விளக்கு தெரிகிறது. இருபது மூச்சு எண்ணுவது. பிறகு, இழுக்குதா, குடையுதா, மரத்திருக்கா, நெஞ்சுக்குழியில் நமநமப்பா. கடைசியில், வலின்னா டாக்டர் சொன்ன கணக்குப்படி, உடம்பு கேக்குதுன்னா இன்னொரு தடவை கேளுங்க. அவ்வளவுதான். ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் தலை முதல் கால் வரை உடம்பைக் கவனிப்பதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் போகும். நல்ல பயிற்சிதான், பகலில் செய்யலாம். ராத்திரி இரண்டு மணிக்கு முக்கால் மணி நேரம் யார் கொடுப்பார்?

குளிர்காலத்துக்கு நடுவில் மாமா ஏற்காட்டுக்குப் போய்விட்டார், சித்தி வீட்டுக்கு. பழைய கூட்டாளிகள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று டாக்டரிடம் கேட்டுத்தான் அனுப்பினோம். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி, டவுனிலிருந்தும் உள்ளே தள்ளி, காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒரு கிராமம். அங்கே போன பிறகுதான் என் பட்டியல் தலைகீழானது. நெட் வந்து போய்க்கொண்டிருந்தது. திறந்தவுடன் சர்வரைத் தேடும் ஆப்கள் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றன. மெமரி கார்டில் போட்ட என் மூன்றரை நிமிடம் மட்டும் தொட்டவுடன் பாடியது. வியாழக்கிழமைகளில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு பாறை, அதன்மேல் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு சிக்னல். இடுப்பு வலிக்காரர் பாறை ஏறி இடுப்பு வலிக்குப் பயிற்சி வாங்குகிறார் என்று சித்தி கேலி செய்கிறார். ஆனால் ஒரு வாரமும் விடவில்லை.

ஆப்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கடைக்காரனாக இரண்டு யோசனை. நினைவூட்டல் வராமல் போவதற்கு முக்கால்வாசி காரணம் போனின் பேட்டரி சேமிப்பு. அந்த ஆப்பை மட்டும் அதிலிருந்து விலக்கி வையுங்கள், அல்லது சாதாரண அலாரமே வையுங்கள். அடுத்தது ரகசியம். பூட்டிய திரையில் 'இன்று போதையில்லா 12-ஆம் நாள்' என்று வந்து நின்றால், வண்டி முதலாளி பார்க்க எத்தனை நேரம் ஆகும்? திரை அறிவிப்பில் உள்ளடக்கத்தை மறையுங்கள். உங்கள் பழக்கத்தைப் பற்றி ஆப் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் எழுத வேண்டியதில்லை. பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய மனநல ஆலோசனைத் தளமே பயனர்களின் விவரத்தை விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2023-ல் நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. மாமாவின் பதிவுக்கு 'சங்ககிரி டோல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். யாரும் திறக்க மாட்டார்கள்.

ராத்திரி பதிவும் உதவாமல், ஆளும் இல்லாமல் போனால் டெலிமானஸ் 14416. 2022-ல் மத்திய அரசு தொடங்கியது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே தனி எண் 14446. இந்த இரண்டையும் கூப்பிட நெட் வேண்டாம். மாமா போனில் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன, மனைவி பெயருக்குப் பக்கத்தில்.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால், முதலில் கேட்பவரைப் பார்க்கிறேன். சிகிச்சையே ஆரம்பிக்காதவர் என்றால் ஆப் போட்டுத் தர மாட்டேன், டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். சிகிச்சையில் இருக்கிறார், ஆங்கிலம் வரும், தனி அறை உண்டு என்றால் காசு ஆப் எடுத்தாலும் பரவாயில்லை, வாரப் பேச்சு கூடவே இருக்கட்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே போன் என்றால் ஆப்பே வேண்டாம், அழைப்பு மட்டும். தமிழ்தான், நெட் கம்மி, ராத்திரிதான் பிரச்சினை என்றால், சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டிவரச் சொல்லி, வைத்தியர் சொல்லும் வரிகளை அவர் குரலில் பதிவு செய்து கொடுக்கிறேன். இதுவரை மூன்று பேருக்குச் செய்திருக்கிறேன், இதற்குக் காசு வாங்குவதில்லை. அதில் ஒருவர், மகள் குரலைக் கேட்டால் அழுகைதான் வருகிறது என்றார். அழித்துவிட்டு அவருடைய சொந்தக் குரலிலேயே பதிவு செய்தோம்.

மாமா அடுத்த மாதம் மலையிறங்குகிறார். சிக்னல் நன்றாக வரும், கூட்டாளிகளும் வருவார்கள். போன வாரம் பாறைமேல் நின்று எனக்கும் ஒரு போன் போட்டார். "பதிவுல நீ ரொம்பப் பேசுற மாப்ள. மூச்சு எண்ணுற எடத்துல கொஞ்சம் சும்மா இரு." ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு மறுபடி பதிவு செய்ய வேண்டும்.